வீட்டுத் தொழிலுக்கு எந்த போன்? கட்டணத்துக்கு முன்னால் எண்ணைப் பாருங்கள்

சாம்பார் பொடியோ, ஊறுகாயோ, குளியல் சோப்போ, வீட்டில் செய்து பாக்கெட்டில் அடைத்து விற்கிறவர் அந்தப் பாக்கெட்டின் மேல் ஒரு தொலைபேசி எண்ணை அச்சிட்டாக வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் அப்படிச் சொல்கின்றன: புகார் சொல்ல விரும்பும் வாடிக்கையாளர் யாரைத் தொடர்புகொள்வது என்று பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் இருக்க வேண்டும். பவுச் அச்சடிக்கும் இடத்தில் ஐம்பது, நூறு என்று கேட்டால் கட்டுப்படியாகாது என்பார்கள். மொத்தமாகத்தான் அடிக்க வேண்டும். ஒருமுறை எண் ஏறிவிட்டால் அத்தனை பவுச்சும் தீரும்வரை அந்த எண் உயிரோடு இருக்க வேண்டும். பொடி தீர்ந்துபோன டப்பாவைப் பார்த்து எட்டு மாதம் கழித்து ஒருவர் கூப்பிடுவார். அந்த அழைப்புதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு.

அதனால் "எதில் கால் சீப்?" என்று யாராவது கேட்டால், கேள்வியையே மாற்றச் சொல்வேன். உள்நாட்டு அழைப்புக்கு நிமிடக் கணக்கு பார்த்த காலம் முடிந்துவிட்டது. மாத ரீசார்ஜிலும் பைபர் இணைப்பிலும் அழைப்பு சேர்ந்தே வந்துவிடுகிறது. கேட்க வேண்டியவை வேறு. அந்த எண் யார் கையில் இருக்கிறது? கரண்ட் போனால் போன் அடிக்குமா? நீங்கள் கை மாவோடு நிற்கும்போது வரும் அழைப்புக்கு என்ன ஆகிறது? இந்த மூன்றையும் வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன். மூன்றில் முதலாவதுக்குத்தான் நான் அதிக எடை தருவேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இணைய இணைப்பு வழியாகப் பேசும் தொலைபேசியைப் பற்றித் தேடினால் வருகிற ஆங்கிலக் கட்டுரைகள் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே வானேஜ், ஊமா போன்ற நிறுவனங்களின் சிறு பெட்டியை வாங்கி, எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பிலும் செருகி, ஒரு தொலைபேசி எண்ணைப் பெற்றுக்கொள்ளலாம். இந்தியாவின் கதை வேறு. 2002இல் இங்கே இணையத் தொலைபேசிக்குக் கதவு திறந்தபோது பாதிதான் திறந்தது: கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம், உள்ளூர் தொலைபேசிக்குப் பேசக் கூடாது. 2018இல்தான் அந்தத் தடை விலகியது. அதுவும் தொலைபேசி உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டும். ஆகவே இங்கே நமக்கு உண்மையில் இருக்கும் வழிகள்: தொழிலுக்கென்று தனி சிம்மும் அதில் வாட்ஸ்அப் பிசினஸும், பைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைன், கிளவுட் தொலைபேசி. வெளிநாட்டுச் செயலிகள் தரும் எண்களைப் பற்றிக் கடைசியில் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

சிம்மிலிருந்து தொடங்கலாம். பலர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, அது வெறும் செல்போன்தானே என்பார்கள். ஆனால் இன்றைய சிம் பாதி இணையத் தொலைபேசி. வைஃபை காலிங் வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்தன. அமைப்புகளில் அதை ஆன் செய்துவிட்டால், டவர் சிக்னல் எட்டாத உள்ளறையிலும் வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு வந்து போகும். எண் அதே எண். தனிக் கட்டணம் இல்லை. கான்கிரீட் வீட்டின் தரைத்தளத்தில் சமையலறையை வைத்துக்கொண்டு, "நாட் ரீச்சபிள்னு வருதுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். புது இணைப்பு எதுவும் வாங்கத் தேவையில்லை.

இந்த வழியின் மிகப் பெரிய பலம் எண் உங்களோடு வருவதுதான். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம். 2015 ஜூலையிலிருந்து வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். சேவை பிடிக்கவில்லையா, 1900க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு வாங்கி வெளியேறிவிடலாம். மற்ற எந்த வழியிலும் இந்தச் சுதந்திரம் கிடையாது. இதைத் தடித்த எழுத்தில் போட்டால்கூடத் தகும்.

ஆனால் சொந்த எண்ணையே தொழிலுக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் யுபிஐயும் கட்டிவைத்திருக்கும் எண்ணைப் பாக்கெட்டிலும் துண்டுப் பிரசுரத்திலும் அச்சிட்டு ஊருக்கெல்லாம் கொடுப்பது, மோசடிக்காரர்களுக்கு நாமே முகவரி எழுதிக் கொடுப்பது. இரண்டாவது சிம் வாங்குங்கள். போனில் இரண்டு சிம் போட இடம் இல்லாவிட்டால், அட்டையே இல்லாமல் போனுக்குள் பதிவாகும் இ-சிம்மாக வாங்கலாம், உங்கள் போன் அதை ஏற்றுக்கொண்டால். அப்புறம், அந்த சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். மகன் பெயரிலோ கடையில் தெரிந்தவர் பெயரிலோ வாங்கிய சிம் தொலைந்தால், மாற்று சிம் வாங்க அவர்தான் வந்து நிற்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம். பண்டிகைக் காலத்தில் மட்டும் பலகாரம் செய்து விற்கிறவர்களுக்கு இது முக்கியம். தீபாவளிக்குத் தீபாவளி எடுத்துப் பார்த்தால் எண் இருக்காது.

வாட்ஸ்அப் பிசினஸ் 2018 ஜனவரியில் வந்தது. பொருள் பட்டியல், கடை நேரம், ஆள் இல்லாதபோது தானாகப் போகும் பதில், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டி எழுதிவைத்த விடை, ஆர்டர்களுக்குச் சீட்டு ஒட்டும் வசதி எல்லாம் இலவசம். ஆனால் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பித் தொழில் நடத்துவதை நான் ஒப்ப மாட்டேன். அதில் இல்லாதவர்களும், இருந்தும் நேரில் பேசினால்தான் திருப்தி என்கிறவர்களும் ஏராளம். பொடி வாங்கும் பெரியம்மாக்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதோடு, மொத்தமாகச் செய்தி அனுப்பியதாகச் சந்தேகம் வந்தால் கணக்கையே பூட்டிவிடுவார்கள். எண் சாதாரண அழைப்புக்கும் இயங்கினால் அன்றைக்குத் தொழில் நிற்காது.

அடுத்தது பைபர் லேண்ட்லைன். ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் மூன்றிலும் வீட்டு பைபர் இணைப்போடு தொலைபேசி வசதியும் கிடைக்கிறது. சுவரில் மாட்டிய பைபர் பெட்டியின் பின்பக்கம் தொலைபேசி ஒயர் செருகும் சின்னத் துளை இருக்கும். சாதாரண பட்டன் போனை அதில் செருகினால் போதும். ஜியோவில் செல்போன் செயலி வழியாகவும் அந்த எண்ணில் பேசலாம். 044, 0422, 0452 என்று ஊர்க் குறியோடு தொடங்கும் எண் பார்ப்பவருக்கு ஒரு நம்பிக்கை தருகிறது. டியூஷன் எடுப்பவர், கணக்கு எழுதுபவர், ஜாதகம் பார்ப்பவர், வீட்டிலேயே கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் போன்றவர்களுக்கு அந்த நம்பிக்கை பணம்.

இதன் குரல் தரம் நன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு அழைப்புக்கு 100 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. 30 எம்பிபிஎஸ் திட்டமா 300 எம்பிபிஎஸ் திட்டமா என்பது பேச்சுக்கு ஒரு பொருட்டே அல்ல, போனுக்காகப் பெரிய திட்டம் வாங்காதீர்கள். குரலைக் கெடுப்பது தாமதமும் இடையிடையே தகவல் துண்டுகள் தொலைந்துபோவதும்தான். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தும் சங்கடம் தொடங்கும். பெட்டியின் தொலைபேசித் துளையில் வரும் குரலை நிறுவனம் பெரும்பாலும் தனிப் பாதையில், முன்னுரிமை கொடுத்து அனுப்புகிறது. பிள்ளைகள் ஹாலில் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது பாதிக்காது. வைஃபையில் செயலி வழியாகப் பேசும்போது அந்த முன்னுரிமை கிடைக்காது. வீட்டில் எல்லோரும் டவுன்லோடும் அப்லோடுமாக இருந்தால் குரல் விட்டுவிட்டு வரும். இதே இணைப்பில் செயலியை நம்பியிருப்பவர்கள், பேசும் அறைக்கும் பெட்டிக்கும் இடையே இரண்டு சுவர் இருந்தால் பெட்டியின் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். வேகம் கூட்டுவதைவிட அது பலன் தரும்.

சரி, கரண்ட்? இங்கேதான் பைபர் லேண்ட்லைன் தடுமாறுகிறது. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. ஊரே இருட்டானாலும் போன் அடித்தது. பைபரில் கண்ணாடி இழை வழியாக வெளிச்சம் மட்டுமே வரும், மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணையும், போனும் ஊமையாகும். தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து பிற்பகல் வரை மின்தடை அறிவிப்பது வழக்கம். ஆர்டர் வருகிற நேரமும் அதுதான். பைபர் பெட்டிக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியின் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பல வீடுகளில் ஹால் விளக்கும் மின்விசிறியும் இன்வெர்ட்டரில் இருக்கும், டிவிக்குப் பின்னால் உள்ள அந்த பிளக் மட்டும் இருக்காது.

உங்கள் வீட்டில் யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. வழியில் இழையைப் பிரித்து அனுப்பும் சின்னப் பெட்டிகளுக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் இழை போய்ச் சேரும் ஆபரேட்டரின் கருவிக்குத் தேவை. சிறு ஊர்களில் அந்தக் கருவி உள்ளூர் கேபிள்காரரின் அறையில்கூட இருக்கலாம். "உங்க ரூமுக்கு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் அண்ணா?" என்று இணைப்பு கொடுக்க வருபவரிடம் கேட்டுவிடுங்கள். நேர்மையான பதில் கிடைக்கும், பெரும்பாலும் அவரே அதனால் கஷ்டப்பட்டவராக இருப்பார்.

இப்போது எண் விஷயம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இந்தியாவில் செல்போனுக்குத்தான், லேண்ட்லைனுக்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் பைபரைத் துண்டித்துவிட்டு இன்னொன்றுக்குப் போனால் பழைய எண் அங்கேயே தங்கிவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. புது வீட்டுத் தெருவில் அந்த நிறுவனத்தின் இழையே இல்லாமல் போகலாம். சேலத்தில் வீட்டிலிருந்து பொடி விற்கும் என் அக்காவுக்கு நடந்தது இதுதான். வீடு மாறும்போது "எண் அப்படியே வரும்மா" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், வரவில்லை. அச்சடித்த லேபிள் கட்டுகளில் புது எண்ணை ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்ட டப்பாக்களுக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டுவது? கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவருக்கும் போகவில்லை.

லேண்ட்லைனில் எஸ்எம்எஸ்ஸும் வராது என்பதை நினைவில் வையுங்கள். முகவரியை மெசேஜில் அனுப்பும் வாடிக்கையாளர் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். லேண்ட்லைன் எண்ணிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கலாம், எண்ணைச் சரிபார்க்கும் குறியீட்டை அழைப்பு மூலம் சொல்வார்கள் என்பது பலர் மகிழ்ச்சியோடு சொல்லும் உத்தி. உண்மைதான். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது: பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் வாட்ஸ்அப் போன்ற செயலிகள் இயங்க வேண்டும், கணினியில் திறந்த வாட்ஸ்அப் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற வேண்டும். சிம்மே இல்லாத லேண்ட்லைன் எண்ணில் வாட்ஸ்அப்பை நம்பி வாடிக்கையாளர் பட்டியலைக் கட்டுவது அந்த உத்தரவுக்குப் பிறகு எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது கிளவுட் தொலைபேசி. எக்ஸோடெல், நாலாரிட்டி, மைஆபரேட்டர், டாடாவின் ஸ்மார்ட்ஃப்ளோ, நம்மூர் ஜோஹோவின் வாய்ஸ் என்று பல பெயர்கள். ஒரு எண் தருவார்கள். அந்த எண்ணுக்கு எந்தக் கருவியும் இல்லை. வரும் அழைப்பு அவர்கள் கணினிக்குப் போய், வரவேற்புக் குரலைச் சொல்லிவிட்டு, உங்கள் செல்போனுக்கு அடிக்கும். நீங்கள் எடுக்காவிட்டால் தங்கைக்கு அடிக்கும். அவரும் எடுக்காவிட்டால் தவறிய அழைப்புப் பட்டியலில் ஏறும். வீட்டில் கரண்ட் போனாலும் அந்த எண் பதில் சொல்லும். நான் சொன்ன மூன்றாவது கேள்விக்கு, அதாவது எடுக்க முடியாத அழைப்புக்கு, இதைவிட நல்ல விடை இல்லை. இரண்டு மூன்று பேர் முறைவைத்து ஆர்டர் எடுக்கும் இடத்தில், யார் எந்த அழைப்பைத் தவறவிட்டார் என்ற சண்டையே வராது.

விலையைப் பார்க்கும்போது மாத வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். வெளியே பேசும்போது இது முதலில் உங்களுக்கு அடித்து, நீங்கள் எடுத்த பிறகு வாடிக்கையாளருக்கு அடித்து, இரண்டையும் இணைக்கும். சில திட்டங்களில் இந்த இரண்டு அழைப்புக்கும் காசு. 1800 எண்ணில் கூப்பிடுபவருக்கு இலவசம், அந்த நிமிடங்களை நீங்கள் கட்டுகிறீர்கள். ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கும் திட்டங்களும் உண்டு, பேரம் பேசி மூன்று மாதத்துக்கு வாங்கிப் பாருங்கள். தொழில் பதிவுச் சான்று கேட்பார்கள், இல்லாதவர்கள் சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமை இலவசமாகச் செய்துகொள்ளலாம். எண் யார் கையில் என்று பார்த்தால் இதுதான் மூன்றிலும் பலவீனம். சந்தா நின்றால் எண்ணும் போகும். "இந்த எண் எந்தத் தொலைபேசி நிறுவனத்துடையது, நான் விலகினால் என் பெயருக்கு மாற்றித் தருவீர்களா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்காமல் அந்த எண்ணைப் பாக்கெட்டில் அச்சிடாதீர்கள்.

வரவேற்புக் குரலைப் பற்றி ஒரு வேண்டுகோள். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று தொடங்கும் நீளமான குரல் வீட்டுத் தொழிலுக்கு வேண்டாம். வங்கிக்குப் போன் செய்துவிட்டோமோ என்று வைத்துவிடுவார்கள். உங்கள் குரலிலேயே, "வணக்கம், ஒரு நிமிஷம், எடுத்துடறேன்" என்ற அளவில் பதிவு செய்யுங்கள். அந்தக் குரலுக்காகத்தான் கடையில் வாங்காமல் உங்களிடம் வாங்குகிறார்கள்.

எந்த வழியாக இருந்தாலும், இதை வைத்து ஊர் எண்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு விளம்பரம் செய்யாதீர்கள். விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் தனி வரிசையும் பதிவும் உண்டு. பதிவில்லாமல் இப்படி அழைப்பவர்களின் இணைப்புகளைத் துண்டித்து 2 ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் எண்களை எங்கிருந்தோ வாங்கி அழைக்கும் டியூஷன் நடத்துபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டுச் செயலிகள் தரும் எண்களை விட்டுவிடுங்கள். உள்ளூர் வாடிக்கையாளருக்கு அது வெளிநாட்டு அழைப்பு, சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஸ்கைப் 2025 மே 5ஆம் தேதி மூடப்பட்டபோது அதில் எண் வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய பெயருக்கே இந்த நிலை. சிங்கப்பூர், மலேசியா, லண்டன் வாடிக்கையாளர்களோடு வாட்ஸ்அப் அழைப்பே போதும். துபாய், அபுதாபியில் இருப்பவர்களுக்கு மட்டும் அது ஆகாது, ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்புக்குத் தடை இருக்கிறது. அவர்களிடம் குரல் பதிவாக ஆர்டர் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஆக, தனியாளாகப் பொடியோ கேக்கோ தையலோ செய்கிறவருக்கு நான் சொல்வது: உங்கள் பெயரில் இரண்டாவது சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ், வைஃபை காலிங். பாக்கெட்டில் அந்த எண் மட்டும். போன் அமைப்பிலேயே "எடுக்காவிட்டால்", "தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால்" என்று தனித்தனியாக அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் வசதி இருக்கிறது, அதை வீட்டில் இன்னொருவர் எண்ணுக்கு வையுங்கள். ஆனால் யாராவது போன் செய்து, நட்சத்திரக் குறியோடு ஏதோ ஒரு எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகளைத் தங்களுக்குத் திருப்பிக்கொண்டு ஓடிபி திருடும் வழி அது.

சொந்த வீட்டில் உட்கார்ந்த இடத்தில் பேசும் தொழில், வாடிக்கையாளர் பெரும்பாலும் அதே ஊர் என்றால் பைபர் லேண்ட்லைன் நல்ல தேர்வு, யுபிஎஸ்ஸோடு. பெயர்ப் பலகையில் லேண்ட்லைனோடு செல்போன் எண்ணையும் எழுதுங்கள். அழைப்பு எடுக்க இரண்டாவது ஆள் வந்த நாளில் கிளவுட் தொலைபேசியைப் பற்றி யோசியுங்கள், அதற்கு முன் அது வீண் செலவு. அப்போதும் பழைய சிம் எண்ணைப் பாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டாம். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பைக் கிளவுட் எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள், போதும். நாளைக்கு அந்த நிறுவனத்தோடு ஒத்துவராவிட்டால் திருப்பலை நீக்கிவிட்டு வந்துவிடலாம், ஒரு லேபிளையும் மாற்ற வேண்டியதில்லை.